பன்றிக்கால் தொடாத விருந்தாளி

பா சாண்டிகி மாலையில் வீட்டுக்குக் கிளம்பும்போது வாளியில் மிச்சமிருக்கும் தண்ணீரை வீணாகத் தரையில் கொட்டிவிட்டுப் போனதை யாரும் பார்த்ததில்லை. கல்லறைத் தோட்டத்தின் கிழக்கு மூலையில், பெரிய இலவ மரத்தின் வேர்கள் மண்ணுக்கு மேலே சுவர் மாதிரி எழும்பி நிற்கும் இடத்தில், ஒரு மண்மேடு உண்டு. சிமெண்டு இல்லை, சிலுவை இல்லை, பிறையும் இல்லை. ஒரு மரப்பலகை மட்டும். அதில் எழுதியிருந்ததைக் கறையான் தின்றுவிட்டது. பா செருப்பைக் கழற்றிவிட்டு அங்கே குனிவார். தலைமாட்டில் கொஞ்சம், கால்மாட்டில் கொஞ்சம் ஊற்றுவார். பிறகு வாளியைக் கவிழ்த்து, கடைசிச் சொட்டும் விழும்வரை தட்டுவார்.

யாமிடே ஒரு மாலை இதைத் தற்செயலாகப் பார்த்தாள். அம்மாவின் கல்லறை அதற்கு அடுத்ததுதான். ஜெபம் பண்ணிவிட்டுப் பாதி வழி போனவள், மறந்த குடையை எடுக்கத் திரும்பி வந்திருந்தாள். கேட்பாரற்ற கல்லறை போல, கிழவர் புண்ணியம் தேடிக்கொள்கிறார் என்று நினைத்தாள். சத்தம் காட்டாமல் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அன்றைக்கு அவள் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

ஃப்ரீடவுன் நகரின் கிழக்குப் பக்கம், எல்லோரும் மரியாதையாகப் 'பா' என்று கூப்பிடும் சாண்டிகியைத் தெரியாதவர்கள் குறைவு. வடக்கே தெம்னே இனத்தார் கிராமம் ஒன்றில் பிறந்தவர். இருபது வயதில் துறைமுகத்துக்கு அரிசி மூட்டை தூக்க வந்தார். முதுகு ஒடிந்த பிறகு கல்லறைத் தோட்டத்தில் தண்ணீர் சுமக்க வந்து, அங்கேயே கிழவரானார். எங்கள் ஊரில் கல்யாணமானாலும் பரீட்சையானாலும் விமானம் ஏறினாலும் முதலில் பெரியவர்களிடம் போய்ச் சொல்ல வேண்டும். அந்தப் பெரியவர்கள் மண்ணுக்குள் இருக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். தண்ணீர் ஊற்றாமல் பேசினால் அவர்களுக்குக் காது கேட்காது. ஆகையால் பாவுக்கு எந்த நாளும் வேலை இருந்தது. லண்டனில் இருக்கிறவர்கள் போனில் கூப்பிடுவார்கள். பா தண்ணீர் ஊற்றி, போனைக் கல்லின் மேல் வைத்துவிட்டுத் தள்ளிப் போய் நிற்பார்.

"அடுத்தவங்க வீட்டுப் பேச்சு நமக்கு எதுக்கு?" என்பார்.

ஐந்து வேளையும் தொழுகிற மனிதர். ஆனாலும் பாதிரியார் வரத் தாமதமானால் பரமண்டல ஜெபத்தை அவரே தொடங்கிவிடுவார், ஒரு வார்த்தை பிசகாது. பழைய காலத்து வெள்ளைக்கார அதிகாரிகளின் கல்லறைகள் ஒரு வரிசை உண்டு. அவர்களுக்குத் தண்ணீர் ஊற்ற ஆளில்லை. கிறிஸ்துமஸ் அன்று பா ஒரு குவளை ஊற்றிவிட்டு வருவார். "அவங்களுக்குத் தேத்தண்ணிதான் பிடிக்கும், என்ன செய்ய?" என்று சிரிப்பார்.

யாமிடே தையல்காரி. கல்யாண வீட்டுக்காரர்கள் எல்லோரும் ஒரே துணியில் உடுத்துகிற வழக்கம் எங்களுக்கு உண்டு. அந்த உடைகளைத் தைப்பதுதான் அவள் பிழைப்பு. புருஷன் செத்துவிட்டான். ஒரே மகள் மொடுபே. அம்மா லெட்டிஷியா ஞாயிறு பள்ளியில் நாற்பது வருஷம் வேதம் சொல்லிக் கொடுத்தவள். உரத்த குரல், ஆம்பிளைச் செருப்பு போட வேண்டிய பெரிய பாதம். ஒரு பேச்சை ஒரே தடவையில் ஒத்துக்கொண்டால் உலகம் அழிந்துவிடும் என்று நினைக்கிற பெண்பிள்ளை. காராமணியில் உப்புப் பன்றிக்கால் போட்டு, செம்பனை எண்ணெய் மிதக்க வேகவைத்தால் அவளுக்குப் பசி வந்துவிடும். பிரம்பு நாற்காலியில்தான் உட்காருவாள். தரையில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

எபோலா வந்த வருஷம் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. அது அந்தக் காய்ச்சலா, வெறும் மலேரியாவா, ஆண்டவருக்குத்தான் தெரியும். தொடாதே, கழுவாதே, இந்த போன் எண்ணைக் கூப்பிடு என்று நாள் முழுக்க வானொலி சொல்லிக்கொண்டிருந்த காலம். வீட்டில் மொடுபே சின்னப் பெண். யாமிடே அந்த எண்ணைக் கூப்பிட்டாள்.

வெள்ளை உடுப்புக்காரர்கள் வந்தார்கள். முகம் தெரியவில்லை, கண்ணாடிதான் தெரிந்தது. நடுப்பகல். மருந்து அடித்த தரை வழுக்கியது. உள்ளறையிலிருந்து அம்மா கூப்பிட்டாள்.

"யாமி! யாமி! எங்கடி இருக்க?"

யாமிடே பின்கட்டு அடுக்களையில் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பதில் சொன்னால் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்துவிடுவோம் என்று பயம். மூன்று தடவை குரல் வந்தது. நாலாவது தடவை வரவில்லை. வண்டிக் கதவு சாத்துகிற சத்தம்தான் கேட்டது.

மூன்றாம் நாள் அம்மா போய்விட்டாள். மேனியைக் கழுவவில்லை, உடுத்திவிடவில்லை. சொந்தக்காரர்களைத் தோட்டத்துக் கேட்டோடு நிறுத்திவிட்டார்கள். கயிறு கட்டியிருந்தது. கயிற்றுக்கு அந்தப் பக்கம், தூரத்தில், பா நின்றுகொண்டிருந்தார். அவர் குரல் மட்டும் வந்தது.

"அழாத பிள்ள. எந்தக் குழின்னு என் கண்ணு பாத்துக்கிட்டிருக்கு. நான் விடமாட்டேன்."

ஒரு வருஷம் கழித்து, பலகையில் அம்மா பெயர் பார்த்து, யாமிடே கொத்தனாரைக் கூட்டிவந்து சிமெண்டு பூசி, சிலுவை வைத்தாள். பெயரைக் கொத்தனார் ஈரச் சிமெண்டில் ஆணியால் எழுதினார். முதல் அவுஜோவும் அப்போதுதான் நடந்தது. அவுஜோ என்றால் செத்தவர்களைக் கூப்பிட்டுச் சோறு போடுகிற விருந்து. காலையில் கல்லறையில் தண்ணீர் ஊற்றி அழைக்க வேண்டும். கோலா என்கிற கசப்புக் கொட்டையை நாலு துண்டாக்கி மண்ணில் போட வேண்டும். இரண்டு முகம் மேலேயும் இரண்டு முகம் கீழேயும் விழுந்தால் அழைப்பை ஏற்றுக்கொண்டார்கள் என்று அர்த்தம். நாலும் குப்புற விழுந்தால் கோபம்.

யாமிடே வாய்க்குள்ளேயே கேட்டாள். 'அம்மா, என்னை மன்னிச்சியா?'

அம்மாவின் தம்பி ஃபெஸ்டஸ் மாமாதான் கொட்டை போட்டார். முதல் தடவையிலேயே இரண்டுக்கு இரண்டு விழுந்தது.

யாமிடே அந்தச் சிமெண்டில் முகத்தை வைத்து அழுதாள், பிறகு சிரித்தாள். ஒரு வருஷமாக அவள் சிரிக்கவில்லை. பா வாளியோடு பக்கத்தில் நின்றவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்.

எட்டு வருஷம் இப்படியே நடந்தது. ஒவ்வொரு தடவையும் முதல் வீச்சிலேயே சம்மதம்.

"எங்க அக்கா உசுரோட இருந்தப்ப ஒரு கேள்விக்கு ஒம்போது தடவ இல்லைன்னு சொல்லுவா," என்று ஃபெஸ்டஸ் மாமா இஞ்சித் தண்ணீரைக் குடித்துக்கொண்டே சொல்வார். "செத்த பிறகு தங்கமாயிட்டா. இதைத் தெரிஞ்சிருந்தா..."

"மாமா! நாக்கை அடக்குங்க, கேட்டுக்கிட்டிருப்பாங்க," என்பாள் யாமிடே.

முற்றத்தில் குழி தோண்டி, எல்லாப் பதார்த்தத்திலும் ஒரு கை எடுத்து அதில் வைப்பார்கள். காராமணி, வாழைப்பழப் பொரியல், அக்கரா வடை, அரிசி ரொட்டி, கடைசியில் லெட்டிஷியாவுக்காகப் பன்றிக்கால். கூரை மேலிருந்து பிணந்தின்னிக் கழுகுகள் இறங்கும். அவை வந்து தின்றால்தான் செத்தவர்களுக்கு விருந்து போய்ச் சேர்ந்ததாக அர்த்தம். எட்டு வருஷமும் வந்தன. எல்லாவற்றையும் தின்றன. பன்றிக்காலை மட்டும் அலகால் ஓரமாகத் தள்ளிவிட்டுப் போயின.

கழுகு இறைச்சியை விடுமா? செத்த நாயை விடாத பறவை அது.

"அக்காவுக்கு மேல பல்லு குடுக்கல போல," என்று மாமா சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். எட்டாவது வருஷம் அவ்வளவாகச் சிரிக்கவில்லை.

வேறு சின்னச் சின்ன விஷயங்களும் உண்டு. விருந்தன்று அம்மாவின் பிரம்பு நாற்காலியைத் துடைத்து வைப்பாள். அதன் மெத்தை குழிந்ததே இல்லை. அடுக்களைப் படியோரம் கிடக்கும் பாய்தான் இடம் மாறியிருக்கும், ஓரம் கிழக்குப் பக்கம் திரும்பியிருக்கும். பின்படியில் ஈரக் காலடி. மொடுபே குளித்துவிட்டு வந்திருப்பாள் என்று துடைத்துவிடுவாள். ஒரு வருஷம் மொடுபே ஊரிலேயே இல்லை. அன்றும் ஈரம் இருந்தது. சின்னப் பாதம், குழந்தையுடையது மாதிரி. நடுமத்தியானம் தையல் இயந்திரத்தை நிறுத்தினால் முற்றத்திலிருந்து மணி உருளுகிற மாதிரி ஒரு சத்தம். டிக், டிக், டிக். பல்லி என்று நினைத்துக்கொள்வாள். பல்லி எண்ணி எண்ணியா சத்தம் போடும் என்று கேட்டுக்கொள்ள அவளுக்குத் தைரியமில்லை. அம்மா வந்து போகிறாள், மன்னித்துவிட்டாள். அது போதும்.

ஒன்பதாம் வருஷம் மொடுபேக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை சாலியு, பக்கத்துத் தெரு முஸ்லிம் வீட்டுப் பிள்ளை. எங்கள் ஊரில் இது பெரிய சங்கதி இல்லை. ஒரே வீட்டில் ஒருத்தர் மணியடித்தால் கிளம்புவார், ஒருத்தர் பாங்கு கேட்டால் கிளம்புவார், சட்டி மட்டும் ஒன்று. சாலியுவின் அத்தை ஹாஜா ரமாத்து சம்மதித்தாள், யாமிடேயும் சம்மதித்தாள். சனிக்கிழமை கல்யாணம். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, லெட்டிஷியாவின் ஆசீர்வாதம் கேட்க அவுஜோ வைத்தார்கள். ஹாஜாவும் வந்தாள்.

பிப்ரவரி மாதம். பாலைவனத்துப் புழுதி ஊரையே மூடியிருந்தது. சூரியன் தேய்ந்த தட்டு மாதிரி வெளுத்துத் தொங்கியது. காலையில் கொட்டை இரண்டுக்கு இரண்டு விழுந்தது. மத்தியானம் குழியில் சோறு வைத்தார்கள், கழுகுகள் இறங்கின, தின்றன. பன்றிக்காலைத் தள்ளிவிட்டு ஒதுங்கி நின்றன.

ஹாஜா ரமாத்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டு குழியோரம் போய் நின்றாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு பின்படியைப் பார்த்தாள், பாயைப் பார்த்தாள்.

"இந்தப் பாயை யாரு கிப்லா பக்கம், தொழுற திசைக்கு, திருப்பிப் போட்டது?"

"யாரும் போடல. அது அப்படித்தான் கிடக்கும்."

"படியில கை கால் கழுவி ஒளு செஞ்ச ஈரம் இருக்கு. உங்க வீட்டுல யாரு தொழுறா?"

"எங்க வீட்டுல யாரும்மா தொழப் போறாங்க?"

"எத்தன வருஷமா இந்தப் பறவைங்க பன்றியத் தொடறதில்ல?"

"எட்டு. இதோட ஒம்போது."

ஹாஜா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். குரலைத் தாழ்த்தினாள்.

"பயப்படாத, யாமிடே. வந்து போறது உங்க அம்மா இல்ல. எங்க ஆளு."

மாமாவின் கையிலிருந்த இஞ்சித் தண்ணீர்க் குவளை கீழே விழுந்தது. யாரும் அதை எடுக்கவில்லை. கூரையிலிருந்து ஒரு கழுகு யாமிடேயையே பார்த்துக்கொண்டிருந்தது.

அன்று மாலையே அவள் தோட்டத்துக்குப் போனாள். பா தொழுகை முடிந்து பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அவள் போய் எதிரே நின்றாள். பா பாயைக் கீழே வைத்தார்.

"தெரிஞ்சுபோச்சா?" என்றார்.

"யாருக்கு பா நான் ஒம்போது வருஷமாத் தண்ணி ஊத்துறேன்?"

கிழவர் வேர் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"அன்னிக்கு ரெண்டு பொம்பளைங்களப் பக்கத்துப் பக்கத்துல வெச்சாங்க, பிள்ள. நான் பாத்தேன். உங்க அம்மா இந்த வேரோரம். மறக்கல. ஆகஸ்ட் மழையில ரெண்டு பலகையும் விழுந்து தண்ணியோட போய் வேலியில கிடந்துச்சு. நான்தான் எடுத்து நட்டேன். எனக்கு எழுத்துத் தெரியாதே. ஒண்ணுல எழுத்து நீளம், ஒண்ணுல குட்டை. உங்க குடும்பம் பெரிய குடும்பம், பேரும் நீளமாத்தான் இருக்கும்னு நெனச்சு, நீளமானத இங்க நட்டேன்."

"அதுல என்ன எழுதியிருந்துச்சு?"

"பின்னால ஒரு பையன் படிச்சுச் சொன்னான். அடையாளம் தெரியாத பெண், இத்தனாம் நம்பர், இன்ன தேதின்னு. அதான் நீளம். அதுக்குள்ள நீ அந்தப் பக்கம் சிமெண்டு பூசிட்டே. சொல்லத்தான் வந்தேன். நீ சிரிச்சே. அந்தச் சிரிப்ப உடைக்க எனக்கு மனசு வரல." அவர் மேட்டைத் தொட்டார். "அதனால உங்க அம்மாவுக்கு நான் ஊத்தினேன். ஒரு நாளும் விடல. ஆனா அவங்க பேரச் சொல்லிக் கூப்பிட நான் யாரு? நான் கூப்பிடல. கூப்பிடாம ஊத்தின தண்ணிதான் அது."

யாமிடேக்குக் கோபம் வரவில்லை. கோபம் வர இடமில்லாத அளவுக்குப் பயம் வந்துவிட்டது. அம்மா ஒரு தடவைகூட மன்னிக்கவில்லை. அம்மாவை யாரும் கேட்கவே இல்லை. ஒன்பது வருஷம் தன் பெயரைச் சொல்லி மகள் பக்கத்து மேட்டில் அழுவதைக் கேட்டுக்கொண்டு, பதில் சொல்ல முடியாமல் கிடந்திருக்கிறாள். அந்தப் பக்கம் படுத்திருப்பவளோ, கூப்பிட உறவு இல்லாதவள், யாருடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் சரி என்று எழுந்து வந்திருக்கிறாள்.

மறுநாள் திங்கள். நடுப்பகலில் மூன்று பேரும் அந்த வேரோரம் நின்றார்கள். யாமிடே, ஃபெஸ்டஸ் மாமா, பா. காற்றே இல்லை. இலவங்காய் வெடித்துப் பஞ்சு மட்டும் வெள்ளையாக, மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. அந்த வெள்ளை உடுப்புகளைப் பார்க்கிற மாதிரி யாமிடேக்குக் கண் கூசியது. பா தண்ணீர் கொடுத்தார். மாமா முழுப்பெயரும் சொல்லி அழைத்தார். கொட்டையைப் போட்டார்.

நாலும் குப்புற விழுந்தன.

மன்னிப்புக் கேட்டு மறுபடி போட்டார். நாலும் குப்புற. மூன்றாவது, நாலாவது. துண்டுகள் மண்ணில் உருளக்கூட இல்லை, கை வைத்து அமுக்கின மாதிரி அப்படியே ஒட்டிக்கொண்டன. ஏழாவது தடவையும் அதேதான்.

மாமா நெற்றியைத் துடைத்தார். "இப்பத்தான் எங்க அக்கா மாதிரி இருக்கு," என்றார். சிரிக்க நினைத்தார், வரவில்லை. "யாமி, அக்கா வேற ஏதோ கேக்குறா. என்னான்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

அவள் முழங்காலிட்டாள். யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள். அந்த போன் எண்ணைக் கூப்பிட்டது தான்தான் என்றாள். அடுக்களையில் காதைப் பொத்திக்கொண்டு இருந்ததைச் சொன்னாள். "மூணு தடவ கூப்பிட்டியேம்மா. கேட்டுச்சு. கேட்டுச்சும்மா." பிறகு வாளிக்குக் கை நீட்டினாள். ஊற்றவில்லை, கழுவினாள். தலையிலிருந்து தொடங்கி, வலது தோள், இடது தோள், மார்பு, அந்தப் பெரிய பாதங்கள் வரைக்கும் மண்ணைத் தடவித் தடவி, மேனியைக் கழுவுவது மாதிரி கழுவினாள். பா ஓடி ஓடித் தண்ணீர் கொண்டுவந்தார், ஒடிந்த முதுகோடு. ஆறு வாளி ஆயிற்று. அவள் பையில் அம்மாவின் ஞாயிற்றுக்கிழமைச் சட்டை இருந்தது. அதை ஈரமண் மேல் விரித்து, சுருக்கம் நீக்கினாள்.

அப்போதுதான் அது கேட்டது.

"யாமி."

உரத்த குரல் இல்லை. அடுத்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கூப்பிடுகிற மாதிரி. தன் காதுக்குள்ளேதான் கேட்கிறது என்று யாமிடே நினைத்திருப்பாள். ஆனால் பாவும் மாமாவும் ஒரே நேரத்தில் தலையைத் திருப்பினார்கள், ஒரே பக்கம்.

"இதோ இருக்கேன்மா," என்றாள் யாமிடே. "இதோ வந்துட்டேன்."

மாமா கொட்டையைப் போடவில்லை. அவர் கையிலிருந்து நழுவி விழுந்தது. இரண்டு மேலே, இரண்டு கீழே.

பிறகு பா பக்கத்துச் சிமெண்டுக் கல்லறையைக் காட்டினார். உலர்ந்த சிமெண்டின் மேல் சின்னச் சின்னதாக ஈரக் காலடிகள். சிலுவைப் பக்கத்திலிருந்து விளிம்புவரை வந்து, அங்கேயே நின்றிருந்தன. எங்கே போவது என்று தெரியாதவள் நின்ற மாதிரி.

"இவள என்ன செய்யறது, பிள்ள?" என்றார் பா. "இவ தப்பு ஒண்ணுமில்ல. தப்பு என்னுது."

யாமிடே அன்றே ஹாஜா வீட்டுக்குப் போனாள். நடந்ததைச் சொன்னாள். சொந்த அம்மா கிடைத்துவிட்டாள், இனி இந்த விருந்தாளியைப் போகச் சொல்ல ஏதாவது ஓதல் உண்டா என்று கேட்டாள். கேட்கும்போதே அவளுக்கு வெட்கமாக இருந்தது.

ஹாஜா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"ஒம்போது வருஷம் உன் கையால சாப்பிட்டவ. பன்றிக்கால ஓரமா ஒதுக்கிட்டு, பாத்திரத்தக் கழுவாத கொறையா மரியாதையா இருந்துட்டுப் போனவ. அவள வாசல்ல நிறுத்திக் கதவச் சாத்திட்டு, எங்க வீட்டுப் பிள்ளைக்கு உன் பொண்ணக் குடுப்பியா?"

"இல்லம்மா."

"அப்ப ரெண்டு குழி தோண்டு. போ, வேலையப் பாரு."

சனிக்கிழமை காலை யாமிடேயின் முற்றத்தில் இரண்டு குழிகள் இருந்தன. ஒன்றில் பன்றிக்கால் போட்ட காராமணி. இன்னொன்றில் தேன் கலந்த அரிசிமாவு உருண்டை, வெள்ளைக் கோலா, ஆட்டிறைச்சி. பாதிரியார் ஒரு பக்கம் ஜெபித்தார். ஹாஜா ஒரு பக்கம் இரண்டு கையையும் ஏந்திப் பாத்திஹா ஓதினாள். "பேரு தெரியாத எங்க பொண்ணே," என்றாள் முடிவில், "உனக்கும் சேத்துத்தான் இந்தக் கல்யாணம்." பா இரண்டு குழிக்கும் நடுவே நின்று இரண்டுக்கும் ஆமீன் சொன்னார்.

கழுகுகள் இறங்கின. முதல் கழுகு நேராகப் போய்ப் பன்றிக்காலைத் தூக்கியது. மாமா ஓவென்று அழுதுவிட்டார். இரண்டாவது குழிக்கு ஒரே ஒரு பறவைதான் போனது. மற்றவை சண்டையிட்டுத் தின்ன, அது ஓதல் முடியும்வரை சிறகை மூடிக்கொண்டு ஓரமாகக் காத்திருந்தது. பிறகு கொஞ்சமாகத் தின்றது.

கல்யாணக் கூட்டம் கலைந்த பிறகு யாமிடே உள்ளே போனாள். பிரம்பு நாற்காலியின் மெத்தை நடுவில் ஆழமாகக் குழிந்திருந்தது. பின்படியில் பாய் ஈரமாக இருந்தது. டிக், டிக் என்று யாரோ ஓதி ஓதி ஜெபமணி உருட்டுகிற சத்தம் வந்தது. அவள் இந்தத் தடவை காதைப் பொத்திக்கொள்ளவில்லை. ஒரு செம்பில் தண்ணீர் மொண்டு படியோரம் வைத்தாள்.

அதன் பிறகு பா இரண்டு வருஷம்தான் தண்ணீர் சுமந்தார். முதுகு முழுதாகக் கூனிவிட்டது. வடக்கே மகன் வீட்டுக்குப் போய்விடுவது என்று முடிவானது. லாரி நிற்கும் இடத்துக்கு யாமிடே வழியனுப்ப வந்தாள். மொடுபேயின் கல்யாணத் துணியில் மிச்சமிருந்ததைச் சேர்த்து அவருக்கு ஒரு சட்டை தைத்திருந்தாள். அவர் அதை அங்கேயே, பழைய சட்டைக்கு மேலேயே போட்டுக்கொண்டார்.

"அந்தப் பலகை விஷயத்துல என்னை மன்னிச்சிட்டியா, பிள்ள?" என்று கேட்டார்.

"எப்பவோ மன்னிச்சிட்டேன் பா. கொட்டை போட்டுக் காட்டணுமா?"

கிழவர் பொக்கைவாய் தெரியச் சிரித்தார். லாரி உறுமியது. மூட்டைகள் மேல் அவரை ஏற்றி உட்காரவைத்தார்கள். வண்டி நகரும்போது குனிந்து அவள் தலையில் கை வைத்துச் சொன்னார்:

"நான் போய்ச் சேந்துட்டேன்னு ஒரு நாளு சேதி வரும். வந்தா இங்கயிருந்தே என்னக் கூப்பிடு, தண்ணிக்குத் தூரமெல்லாம் இல்ல. பதில் வந்தா ஒடனே சந்தோஷப்பட்டுராத. அது நான்தானான்னு ஒரு தடவ கேட்டுக்கோ. நான் இல்லைன்னாலும், வந்தவங்களத் தண்ணி குடுக்காம அனுப்பாத."